கரண்ட் வந்ததும் நெட்வொர்க் தானாக எழ: பூட் ஸ்கிரிப்ட் எழுதும் முறை

டியூஷன் நிலையத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ ஒரு பழைய பிசியில் லினக்ஸ் போட்டு, இரண்டு நெட்வொர்க் கார்டு சொருகி, ரௌட்டராக வைத்துக் கொடுக்கிற ஆட்கள் தோட்டப்புறத்து ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறோம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நான் பார்த்துக்கொள்கிற இடங்களில் எல்லாம் பிரச்சினை ஒன்றுதான். மதியத்துக்கு மேல் இடி இடித்து மழை கொட்டும், கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது இன்னும் அதிகம். திரும்பி வந்த கரண்ட் மோடம், சுவிட்ச், பிசி எல்லாவற்றையும் ஒரே நொடியில் எழுப்பும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது மண்டபத்தைத் திறந்து மூடுகிற பெரியவரும், வகுப்புக்கு வந்து வாசலில் நிற்கிற பிள்ளைகளும்தான். லினக்ஸ் தெரிந்த தம்பி கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ வேலையில் இருப்பான்.

ஆகவே பூட் ஸ்கிரிப்ட், அதாவது பெட்டி எழும்போது தானாக ஓடுகிற கட்டளைக் கோப்பு, எழுதும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அந்த நேரத்தைத்தான். யாரும் தொடாமல் உள் நெட்வொர்க் உடனே எழ வேண்டும். மோடம் எவ்வளவு மெதுவாக எழுந்தாலும் வெளி லைன் அது தயாரானதும் தானாக வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் எது கெட்டுப்போனாலும் பெட்டிக்குள் நுழைய ஒரு வழி மிஞ்ச வேண்டும். கீழே சொல்வது எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழிலேயே எழுதிக்கொண்டு போகிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியே எழ வேண்டும்

ஸ்கிரிப்டுக்கு முன்னால் பயாஸ், மதர்போர்டில் இருக்கிற தொடக்க மென்பொருள். கரண்ட் போய் வந்தால் பிசி என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஓர் அமைப்பு இருக்கும், ரிஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ் என்றோ ஆஃப்டர் பவர் ஃபெயிலியர் என்றோ அதற்குப் பெயர். அதைப் பவர் ஆன் என்று வையுங்கள். லாஸ்ட் ஸ்டேட் வேண்டாம், யாராவது பட்டனை அழுத்தி ஒழுங்காக அணைத்துவிட்டுப் போயிருந்தால் அதுவும் அணைந்தே கிடக்கும்.

பழைய பிசி என்றால் மதர்போர்டில் இருக்கிற சிஆர் 2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள். சில வெள்ளிதான் (ரிங்கிட்), கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். பேட்டரி செத்துப்போயிருந்தால் கரண்ட் போன நேரத்தில் பயாஸ் அமைப்பு அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும், நீங்கள் வைத்த பவர் ஆன் அதோடு போகும், கடிகாரமும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். கடிகாரம் தப்பாக இருந்தால் ஹெச்டிடிபிஎஸ் தளம் எதுவும் வேலை செய்யாது, ஏனென்றால் தளத்தின் சான்றிதழ் தொடங்கும் தேதி இன்னும் வரவே இல்லை என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் 4 வரைக்கும் கடிகாரமே கிடையாது, 5-இல்தான் வந்தது, அதற்கும் பேட்டரியைத் தனியாக மாட்ட வேண்டும். பூட் ஸ்கிரிப்டுக்குள் எதையும் இணையத்திலிருந்து இறக்கி ஓட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த நேரத்தில் இணையமே இருக்காது.

ஸ்கிரிப்ட் உண்மையில் தேவையா?

ஒரே ஒரு கார்டு, மோடத்திலிருந்து டிஎச்சிபி முறையில் தானாக முகவரி வாங்கிக்கொள்கிற சாதாரண பிசி என்றால் தேவையே இல்லை. டெபியன் லினக்ஸில் இடிசி நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ் கோப்பு இருக்கிறது, பூட் நேரத்தில் சேவைகளை எழுப்புகிற சிஸ்டம்டியோடு வருகிற நெட்வொர்க்டி இருக்கிறது, மேசைக் கணினிகளில் நெட்வொர்க் மேனேஜர் இருக்கிறது. அவை போதும், உங்களுக்குப் பிறகு பார்க்க வருகிறவனுக்கும் அவை தெரிந்திருக்கும். இரண்டு கார்டு, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற ஃபயர்வால், ஒரே கேபிளை எண் போட்டுப் பல நெட்வொர்க்காகப் பிரிக்கிற விலேன், டயல் செய்கிற வெளி லைன், எது முன்னால் எது பின்னால் என்ற ஒழுங்கு, இவை எல்லாம் சேரும்போதுதான் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் மற்றதைவிடத் தெளிவாக இருக்கிறது. மேலிருந்து கீழே படித்தால் நடப்பது அப்படியே தெரியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒரே கார்டை ஸ்கிரிப்டும் நெட்வொர்க் மேனேஜரும் சேர்ந்து நிர்வகித்தால் ஒரே உறையில் இரண்டு கத்திதான். ஸ்கிரிப்ட் போட்ட முகவரியை மற்றது சில நொடியில் துடைத்துவிடும், நீங்கள் ஸ்கிரிப்டில் பிழை தேடிக்கொண்டு இருப்பீர்கள். ரௌட்டர் பெட்டியில் நெட்வொர்க் மேனேஜரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கார்டுகளைத் தொடாதே என்று அதன் அமைப்பில் எழுதிவிடுங்கள்.

தாளில் எழுதிக்கொள்ள வேண்டியது

எந்தக் கார்டு உள்ளே, எது வெளியே, உள் நெட்வொர்க்குக்கு எந்த முகவரி. இவ்வளவுதான், ஆனால் கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் எழுதுங்கள். வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்று 1996-இலேயே மூன்று வரிசை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்: 10-இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குவது. நிறைய மோடங்கள் தாங்களே 192.168.0 அல்லது 192.168.1 வரிசையை வைத்துக்கொள்ளும். உங்கள் உள் நெட்வொர்க்கும் அதே வரிசையில் இருந்தால் லினக்ஸின் கருவான கர்னலுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஊராகத் தெரியும், பாக்கெட் எந்தக் கார்டு வழியாகப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 192.168.50 மாதிரி யாரும் பயன்படுத்தாத ஒன்றை எடுத்து, பெட்டிக்கு 192.168.50.1 கொடுங்கள். கீழே அதையே வைத்துப் பேசுகிறேன்.

கார்டுகளின் பெயர் ஒரு தலைவலி. முன்பு இடிஎச்0, இடிஎச்1 என்று இருந்தது, எது முதலில் கண்ணில் பட்டதோ அது 0. 2013-இல் சிஸ்டம்டி 197 வந்த பிறகு கார்டு சொருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயர், ஈஎன்பி3எஸ்0 என்கிற மாதிரி. இது மேல்தான், ஆனால் புதிதாக ஒரு கார்டைச் சொருகினாலோ ஒன்றைக் கழற்றினாலோ பஸ் எண் நகர்ந்து 3 என்பது 4 ஆகிவிடலாம். இடி விழுந்து கார்டு போய்விட்டால் வேறொன்றை மாற்றுவது நம் ஊர்களில் சாதாரணம், அதனால் பெயரை நீங்களே வைத்துவிடுங்கள். இடிசி சிஸ்டம்டி நெட்வொர்க் அடைவில் டாட் லிங்க் என்று முடிகிற ஒரு கோப்பு, அதில் மேட்ச் பகுதியில் பெர்மனென்ட் மேக் அட்ரஸ், லிங்க் பகுதியில் நேம். நான் உள்ளே போவதற்கு லேன்0, வெளியே போவதற்கு வேன்0 என்று வைப்பது வழக்கம். இடிஎச்0 என்றே திரும்பவும் வைக்காதீர்கள், கர்னல் தானாகக் கொடுக்கும் பெயரோடு மோதும். டெபியனில் இதை மாற்றிய பிறகு அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். கார்டு மாற்றுகிறவன் அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும், ஸ்கிரிப்டைத் தொட வேண்டியதில்லை.

எந்த ஷெல்?

ஷெல் என்பது கட்டளைகளைப் படித்து ஓட்டுகிற நிரல். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பின் பாஷ் போடாதீர்கள், பின் எஸ்எச் போடுங்கள். ஸ்டீவ் போர்ன் எழுதி 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லின் இலக்கணம் இன்றைக்கும் எல்லாப் பெட்டியிலும் ஓடும். உபுண்டு 2006-இல் 6.10 பதிப்பிலேயே பின் எஸ்எச் என்பதை டேஷ் என்ற சின்ன ஷெல்லுக்கு மாற்றிவிட்டது, டெபியன் 2011-இல் மாற்றியது, ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸில் பிசிபாக்ஸின் ஷெல். இரட்டைச் சதுர அடைப்பு, அரே, இதெல்லாம் பாஷ் மாதிரிப் பெரிய ஷெல்களில்தான். உங்கள் மடிக்கணினியில் ஓடிய வரி அங்கே பூட் நேரத்தில் ஓடாமல் போகலாம். அப்புறம், ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதி பென்டிரைவில் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக வந்து ஒட்டியிருக்கும், முதல் வரியிலேயே ஷெல் பெயர் தவறாகிவிடும். டாஸ் டு யூனிக்ஸ் கட்டளை அதைச் சுத்தம் செய்யும்.

இரண்டாவது வரியில் கட்டளைகள் இருக்கும் இடங்களைச் சொல்கிற பாத்தை நீங்களே எழுதுங்கள்: யூஎஸ்ஆர் எஸ்பின், யூஎஸ்ஆர் பின், எஸ்பின், பின். பூட் நேரத்தில் உங்கள் லாகின் அமைப்பு எதுவும் ஏற்றப்பட்டிருக்காது, ஐபி கட்டளை எங்கே என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாமல் போகலாம். பழக்கத்தில் இஃப்கான்ஃபிக் அடிக்கிறவர்கள் ஐபி கட்டளைக்கு மாறிக்கொள்ளுங்கள், டெபியன் 9-இலிருந்து இஃப்கான்ஃபிக் தானாக நிறுவப்படுவதில்லை.

மூன்றாவது வரி செட் மைனஸ் யூ. மதிப்பே கொடுக்காத மாறியைப் பயன்படுத்தினால் அங்கேயே நிற்கும், எழுத்துப் பிழைகள் இதில் மாட்டும். செட் மைனஸ் ஈ போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் முழுவதும் நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். மற்ற ஸ்கிரிப்டுகளில் சரி, நெட்வொர்க் பூட் ஸ்கிரிப்டில் எனக்கு அது ஒத்துவரவில்லை. வெளிக் கார்டு செத்துப்போய் அந்த வரி தோற்றால் உள் நெட்வொர்க்கும் எழாமல் பாதியில் நின்றுவிடும், பெட்டிக்குள் நுழைய மானிட்டரும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும். எது தோற்றால் என்ன செய்வது என்று வரிக்கு வரி நீங்களே முடிவெடுங்கள்.

முகவரி, கார்டு பெயர், விலேன் எண் எல்லாவற்றையும் அதற்குக் கீழே ஒரே இடத்தில் மாறிகளாக வையுங்கள். உள்ளே நடுநடுவே எண்கள் சிதறிக் கிடக்கக் கூடாது. பக்கத்தில் தமிழிலேயே குறிப்பு எழுதலாம், யூடிஎஃப் 8-இல் சேமித்தால் ஷெல் கண்டுகொள்ளாது. அடுத்து பார்க்க வருகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி.

எது முன்னால், எது பின்னால்

ஒழுங்கு இதுதான்: ஃபயர்வால், பிறகு உள் கார்டு, பிறகு வெளிக் கார்டு, கடைசியில் ஃபார்வர்டிங். ஃபயர்வால் இல்லாமல் வெளிக் கார்டு ஒரு நொடி திறந்திருந்தாலும் அது திறந்ததுதான். ஃபார்வர்டிங் என்பது ஒரு கார்டில் வந்த பாக்கெட்டை இன்னொரு கார்டுக்குக் கடத்துவது, அதற்கு ப்ராக் சிஸ் நெட் ஐபிவி4 ஐபி ஃபார்வர்ட் என்ற கோப்பில் 1 என்று எழுத வேண்டும். பூட் ஆகும்போது கர்னல் அதை 0 என்றுதான் வைத்திருக்கும். இடிசி சிஸ்சிடிஎல் டாட் கான்ஃபில் யாராவது முன்பே 1 போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஸ்கிரிப்டுக்கு முன்னாலேயே கதவு திறந்துவிடும்.

ஃபயர்வாலுக்கு என்எஃப்டி என்ற கட்டளை போதும். 2014-இல் கர்னல் 3.13-இல் வந்தது, இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. விதிகளை ஒரு கோப்பில் எழுதி என்எஃப்டி மைனஸ் எஃப் கொடுத்தால் முழுக் கோப்பும் ஒன்றாக ஏறும், ஒரு வரியில் பிழை இருந்தாலும் எதுவுமே ஏறாது. அரைகுறை ஃபயர்வால் என்ற நிலை வராது. ஆனால் எதுவும் ஏறாத நிலை என்றால் பெட்டி திறந்து கிடக்கிறது என்று அர்த்தம், ஆகவே ஸ்கிரிப்ட் அந்தக் கட்டளையின் விடையைப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் உள் கார்டை மட்டும் எழுப்பிவிட்டு, வெளிக் கார்டையும் ஃபார்வர்டிங்கையும் தொடாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு இணையம் இருக்காது, ஆனால் மண்டபத்தில் இருக்கிற எந்தக் கணினியிலிருந்தும் எஸ்எஸ்எச்சில், அதாவது நெட்வொர்க் வழியாக, நுழைந்து சரிசெய்யலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். என்எஃப்டி விதியில் வெளிக் கார்டைக் குறிக்க ஐஐஎஃப் என்றும் எழுதலாம், ஐஐஎஃப்நேம் என்றும் எழுதலாம். ஐஐஎஃப் என்பது கோப்பு ஏறும் நேரத்திலேயே அந்தக் கார்டின் எண்ணைத் தேடும். டயல் செய்த பிறகுதான் உண்டாகிற பிபிபி0 என்ற வெளி லைன் கார்டு பூட் நேரத்தில் இருக்காது, அதனால் கோப்பு முழுவதும் ஏறாது. பூட் ஆகி, லைன் வந்து, நீங்கள் உட்கார்ந்து கையால் ஓட்டிப் பார்க்கும்போது பிபிபி0 இருக்கும், ஒழுங்காக ஏறும். கையால் ஓடுகிறது, பூட்டில் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வைக்கிற காரணங்களில் இது முக்கியமானது. ஐஐஎஃப்நேம் பெயரை எழுத்தாக மட்டும் ஒப்பிடும், கார்டு இன்னும் பிறக்காவிட்டாலும் கவலைப்படாது. ஓஐஎஃப், ஓஐஎஃப்நேம் இரண்டுக்கும் இதே விதி. உள் கணினிகளைப் பெட்டியின் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் மறைக்கிற மாஸ்கரேட் வரியிலும் பெயர் வகையையே போடுங்கள்.

உள் கார்டு சுலபம். ஐபி லிங்க் செட் லேன்0 அப், அடுத்து ஐபி அட்ரஸ் ரீப்ளேஸ் 192.168.50.1/24 டெவ் லேன்0. ஆட் போடாமல் ரீப்ளேஸ் போடுவதைக் கவனியுங்கள். ஆட் இரண்டாவது தடவை ஓடினால் ஏற்கனவே இருக்கிறது என்று கத்தும், ரீப்ளேஸ் இருந்தால் விட்டுவிடும், இல்லாவிட்டால் போடும். பாக்கெட் போகும் வழியைச் சொல்கிற ரூட்டுக்கும் அப்படியே, ஐபி ரூட் ரீப்ளேஸ். ஸ்கிரிப்டை எத்தனை தடவை ஓட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும். பாதியில் சந்தேகம் வந்தால் மறுபடி ஓட்டு என்று போனில் யாரிடமும் தைரியமாகச் சொல்ல அதுதான் வழி. ரீப்ளேஸ் இல்லாத இடங்களில், உதாரணமாக விலேன் உண்டாக்கும்போது, சிஸ் கிளாஸ் நெட் அடைவில் அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்று ஓர் இஃப் வைத்துப் பார்த்துவிட்டு உண்டாக்குங்கள்.

காத்திருப்பது

எழுதுகிறவர்கள் அதிகம் சொதப்புகிற இடம் இது. கேபிளில் சிக்னல் வரும்வரை ஸ்லீப் 30, இணையம் வரும்வரை வொய்ல் லூப்பில் பிங் என்று எழுதிவிடுகிறார்கள். மோடம் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம், அன்றைக்கு வெளியே கேபிளே அறுந்திருந்தால் வரவே வராது, அதுவரைக்கும் பூட் நின்றுகொண்டிருக்கும்.

பெரும்பாலான இடத்தில் காத்திருக்கவே தேவையில்லை. நிலையான முகவரியைக் கேபிள் இல்லாத கார்டுக்கும் போடலாம், கர்னல் தடுக்காது. கேபிள் வந்ததும் வேலை செய்யும். யூஎஸ்பி நெட்வொர்க் கார்டு என்றால் மட்டும் அந்தச் சாதனம் கர்னலின் கண்ணில் பட ஓரிரு நொடி ஆகும், அதற்கு சிஸ் கிளாஸ் நெட் அடைவில் பெயர் வந்துவிட்டதா என்று நொடிக்கு ஒரு தடவை, அதிகபட்சம் 15 தடவை பாருங்கள், அதற்கு மேல் லாகில், அதாவது நடந்ததைக் குறிக்கிற பதிவில், ஒரு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். எந்த லூப்புக்கும் எல்லை இருக்க வேண்டும்.

கேபிள் சொருகியிருக்கிறதா என்று அறிய அதே அடைவில் கேரியர் என்றொரு கோப்பு இருக்கிறது. 1 என்றால் சிக்னல் உண்டு, 0 என்றால் இல்லை. ஆனால் கார்டை அப் செய்வதற்கு முன்னால் அதைப் படித்தால் 0 கூட வராது, இன்வேலிட் ஆர்கியுமென்ட் என்று பிழைதான் வரும். முதலில் அப், இரண்டு மூன்று நொடி கழித்து கேரியர். நான் அதை முடிவெடுக்கப் பயன்படுத்துவதில்லை, லாகில் எழுதி வைக்க மட்டும்தான். வேன்0-க்கு 0 என்று இருந்தால் மோடம் பக்கத்துக் கேபிளைப் பாருங்கள் என்று பெரியவரிடம் போனிலேயே சொல்லிவிடலாம்.

எங்கிருந்தோ நன்கொடையாக வந்த மேனேஜ்டு சுவிட்ச் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று. கேபிள்கள் வட்டமாகச் சுற்றிக்கொள்ளாமல் காக்கிற ஸ்பானிங் ட்ரீ பழைய முறையில் ஓடினால் ஒவ்வொரு போர்ட்டும் 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், அதற்குப் பிறகுதான் திறக்கும். அந்த 30 நொடியில் பிள்ளைகளின் கணினி முகவரி கேட்டுச் சலித்துப்போய் 169.254 என்று தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். கணினிகள் சொருகியிருக்கிற போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று சுவிட்ச்சிலேயே குறித்துவிடுங்கள், ஸ்கிரிப்டால் இதைத் தீர்க்க முடியாது.

வெளி லைன்

மோடமே ரௌட்டராக ஓடுகிறது, உங்கள் பெட்டி அதற்குப் பின்னால் டிஎச்சிபியில் முகவரி வாங்குகிறது என்றால் வேன்0-ஐ அப் செய்துவிட்டு டிஎச்சிபி கிளையன்ட்டைப் பின்னணியில் விடுங்கள். பிசிபாக்ஸின் யூடிஎச்சிபிசிக்கு மைனஸ் பி கொடுத்தால் முகவரி கிடைக்காதபோது பின்னணிக்குப் போய்த் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். மைனஸ் என் கொடுத்தால் கிடைக்கவில்லை என்று வெளியேறிவிடும். நமக்கு வேண்டியது பி. மோடம் மூன்று நிமிடம் கழித்து எழுந்தாலும் அப்போது ஒட்டிக்கொள்ளும்.

மோடத்தை பிரிட்ஜில், அதாவது வெறும் கடத்தியாக, வைத்து நீங்களே டயல் செய்கிறீர்கள் என்றால் வேலை கொஞ்சம் கூடுதல், ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான், என்ன நடக்கிறது என்பது முழுக்க உங்கள் லாகில் இருக்கும். டிஎம்மின் யூனிஃபை லைனில் இணையம் விலேன் 500-இல் வரும், தொலைக்காட்சி 600-இல். வேன்0-வின் மேல் 500 எண்ணில் ஒரு விலேன், அதன் மேல் பிபிபிஓஇ, பயனர் பெயர் கொடுத்து டயல் செய்கிற முறை. ஐபி லிங்க் ஆட் லிங்க் வேன்0 நேம் வேன்0.500 டைப் விலேன் ஐடி 500, இதுதான் வரி. பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500-க்குப் பதில் 1492. இதை மறந்தால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் தொங்கும். என்எஃப்டியில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் அளவை, பாதையின் எம்டியுவுக்குக் கட்டுப்படுத்துகிற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் உள்ளே இருக்கிற கணினிகளில் எதையும் மாற்ற வேண்டாம்.

டயல் செய்கிற பிபிபிடியின் அமைப்பில் பெர்சிஸ்ட் இருக்க வேண்டும், லைன் விழுந்தால் மறுபடி டயல் செய்ய. அதோடு மேக்ஸ்ஃபெயில் 0. இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பெர்சிஸ்ட் போட்டாலும் தொடர்ந்து 10 தடவை தோற்றால் பிபிபிடி கைவிட்டுவிடும், அது தானாக இருக்கிற அளவு. கரண்ட் வந்து மோடம் மெதுவாக எழுகிற நேரத்தில் அந்தப் பத்தும் வீணாகித் தீர்ந்துபோகலாம், பிறகு மோடம் தயாராக இருந்தும் கேட்பதற்கு ஆள் இருக்காது. 0 என்றால் எல்லை இல்லை. லூப்புக்கு எல்லை வேண்டும் என்று மேலே சொன்னேன், இது பூட்டைத் தடுக்காமல் பின்னணியில் ஓடுவதால் எல்லையில்லாமல் ஓடலாம். ஹோல்ட்ஆஃப் 10 கொடுத்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே பத்து நொடி விடும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஸ்கிரிப்டுக்குள் வேண்டாம், இடிசி பிபிபி அடைவில் அதற்கென்று இருக்கிற சீக்ரெட்ஸ் கோப்பில் வைத்து உரிமையாளர் மட்டும் படிக்கிற 600 அனுமதி கொடுங்கள்.

பெயர் தேடுகிற வேலையையும் உள்ளே முகவரி கொடுக்கிற வேலையையும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலிடம் விட்டுவிடுங்கள், 192.168.50.100-இலிருந்து 200 வரை போதும். அதை லேன்0-வில் மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

பூட்டில் மாட்டுவது

இடிசி ஆர்சி லோக்கல் கோப்பில் ஒரு வரி போடுவது பழைய சுலப வழி. முதல் வரியில் ஷெல் பெயர் இருந்து, ஓட்டும் அனுமதியும் இருந்தால் சிஸ்டம்டியும் அதை ஓட்டும். ஆனால் அது பூட்டின் பின்பகுதியில்தான் ஓடும், அதற்குள் முகவரி வேண்டும் என்று கேட்கிற மற்ற சேவைகள் எழுந்து தோற்றிருக்கும். ஆல்பைனில் சிஸ்டம்டிக்குப் பதில் இருக்கிற ஓப்பன்ஆர்சிக்கு அதன் முறையில் ஒரு கோப்பு எழுதுங்கள். சிஸ்டம்டி பெட்டியில் தனி சர்வீஸ் கோப்பு எழுதிவிடுவது நல்லது, பத்து வரிதான்.

யூனிட் பகுதியில் ஆஃப்டர் நெட்வொர்க் ப்ரீ டார்கெட், பிஃபோர் நெட்வொர்க் டார்கெட், வான்ட்ஸ் நெட்வொர்க் டார்கெட். சர்வீஸ் பகுதியில் டைப் ஒன்ஷாட், ரிமெய்ன் ஆஃப்டர் எக்ஸிட் யெஸ், எக்ஸெக் ஸ்டார்ட்டில் உங்கள் ஸ்கிரிப்டின் முழுப் பாதை. இதில் இரண்டை விட்டுவிடாதீர்கள். ஒன்று அந்த ரிமெய்ன். அது இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் முடிந்த கையோடு அது பின்னணியில் விட்ட டிஎச்சிபி கிளையன்ட்டையும் சேர்த்து சிஸ்டம்டி கொன்றுவிடும். இன்னொன்று டைம்அவுட் ஸ்டார்ட் செக். மற்ற வகைச் சேவைகளுக்கு சிஸ்டம்டி தானாக ஒரு கால எல்லை வைக்கும், ஒரு தடவை ஓடி முடிகிற ஒன்ஷாட்டுக்கு வைக்காது. ஸ்கிரிப்ட் எங்காவது தொங்கினால் பூட்டும் அதோடு தொங்கும். 60 என்று நீங்களே எழுதிவிடுங்கள். பிபிபிடியை இந்த ஸ்கிரிப்டுக்குள் தொடங்காமல் அதற்குத் தனி சர்வீஸ் கோப்பு வைத்தால் இன்னும் சுத்தம். ஒரு கவனம்: அப்படி வைத்தால் ஃபயர்வால் தோற்ற நேரத்தில் ஸ்கிரிப்ட் தோல்வி விடையோடு வெளியேற வேண்டும், பிபிபிடியின் கோப்பில் ரிக்வயர்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் முதல் சர்வீஸின் பெயர் இருக்க வேண்டும். அப்போதுதான் ஃபயர்வால் இல்லாமல் டயல் ஆகாது.

லாகுக்கு லாகர் கட்டளையைப் பயன்படுத்துங்கள், மைனஸ் டி கொடுத்து ஒரு பெயர் வைத்தால் பிறகு அந்தப் பெயரில் தேடி எடுக்கலாம். தனிக் கோப்பு வேண்டும் என்றால் ரன் அடைவில் எழுதுங்கள், அது நினைவகத்தில் இருப்பது, சீக்கிரமே தயாராகிவிடும், வட்டு நிரம்பாது. தோல்வியை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு படி முடிந்ததையும் ஒரு வரி எழுதுங்கள். லாக் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே கதை தெரிந்துவிடும்.

சோதிப்பது

முதலில் எஸ்எச் மைனஸ் என், இலக்கணப் பிழை மட்டும் பார்க்கும், எதையும் ஓட்டாது. பிறகு ஷெல்செக், மேற்கோள் குறி விட்டுப்போன இடங்களை எல்லாம் சொல்லும். பிறகு தொடர்ந்து இரண்டு தடவை ஓட்டுங்கள், இரண்டாவது தடவை ஒரு பிழையும் வரக்கூடாது. என்எஃப்டி கோப்பில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைக் கெடுத்துவிட்டு ஓட்டுங்கள், உள் நெட்வொர்க் எழுந்து வெளி மூடியிருக்க வேண்டும். வெளிக் கேபிளைப் பிடுங்கிவிட்டு ரீபூட் செய்து, ஐந்து நிமிடம் கழித்துச் சொருகுங்கள், நீங்கள் எதையும் தொடாமல் இணையம் வர வேண்டும்.

தூரத்திலிருந்து எஸ்எஸ்எச்சில் வேலை செய்கிறீர்கள் என்றால் புது ஸ்கிரிப்டைப் பழையதன் மேல் எழுதாதீர்கள். வேறு பெயரில் வைத்து, ஷட்டவுன் மைனஸ் ஆர் +5 கொடுத்துவிட்டு, அதன் பிறகு புதியதை ஓட்டுங்கள். இணைப்பு அறுந்தால் ஐந்து நிமிடத்தில் பெட்டி ரீபூட் ஆகிப் பழைய ஸ்கிரிப்டோடு எழும். அறுந்துபோகவில்லை என்றால் ஷட்டவுன் மைனஸ் சி கொடுத்து ரத்து செய்துவிட்டு, அப்போது பெயரை மாற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட தம்பிகளுக்கு எத்தனையோ பஸ் டிக்கெட்டை மிச்சப்படுத்தும்.

இவை எல்லாம் சரியாக வந்த பிறகு வகுப்பு இல்லாத ஒரு நாள் பார்த்து, முக்கியமான கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு, மண்டபத்து மெயின் சுவிட்ச்சை அணையுங்கள். ரீபூட் கட்டளை இதற்கு ஈடாகாது, அதில் மோடம் அணைவதில்லை. ஒரு நிமிடம் கழித்துப் போட்டுவிட்டு, கை வைக்காமல் கைப்பேசியில் மணி பாருங்கள். உள் நெட்வொர்க் எழ எவ்வளவு, வெளி லைன் வர எவ்வளவு என்று லாகோடு ஒப்பிட்டுக் குறித்து, பெட்டியின் மேல் ஒரு தாளில் தமிழில் ஒட்டிவிடுங்கள்: கரண்ட் வந்து இத்தனை நிமிடம் பொறுங்கள், அதற்கு மேலும் வராவிட்டால் மோடத்தில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டு இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.